புரட்டாசியில் ஒரு பிரியாணி

செப்டம்பர் முப்பதாம் தேதி சாயங்காலம் அன்பரசு கழற்றிப் போட்ட சட்டையில் மட்டன் பிரியாணி வாசனை வந்தது. அதை வாளியில் நனைக்கப் போன ஜெயப்பிரியா, நனைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்பரசு சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். கேளம்பாக்கத்தில் நாலு கடைக்கு ஒரு கடை பிரியாணிக் கடை. வேறு எந்த மாதமாக இருந்தாலும் அவள் மூக்கைக்கூடச் சுருக்கியிருக்க மாட்டாள். ஆனால் இது புரட்டாசி. ஜெயப்பிரியா பிறந்தது திருப்போரூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில். பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த வீட்டுக்குள் முட்டைகூட வராது. அன்பரசுவைக் கட்டிக்கொள்ள அவள் அந்த வீட்டை விட்டு வந்தபோது கையில் எதையும் எடுத்துவரவில்லை. இந்த ஒரு பழக்கம் மட்டும் கூடவே வந்தது. "நீ சாப்டலன்னா நானும் சாப்டல" என்று முதல் புரட்டாசியிலேயே அவன் சொல்லிவிட்டான். அவள் வற்புறுத்தவில்லை, அவனாகச் சொன்னது. அதனால்தான் இந்த வாசனை அவளுக்கு இவ்வளவு வலித்தது.

கல்யாணமாகி இது மூன்றாவது புரட்டாசி. மூன்றிலும் ஒரே ஒரு நாள் இந்த வாசனை. முதல் தடவை புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு அவள் அவனுக்காகப் பசியோடு காத்திருந்த நாள். "ஸ்டாண்டுல பசங்க துன்னானுங்க, எம்மேல ஒட்டிகிச்சு" என்றான். போன வருஷம் மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால். அப்போதும் ஸ்டாண்டுப் பசங்கள்தான். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள். மூன்று தடவையும் அவன் புதுச்சட்டை போட்டிருந்தான். கடையில் பொட்டலம் வாங்கித் தின்கிறவன் அதற்காகப் புதுச்சட்டை போட மாட்டான். யாரோ உட்காரவைத்து இலை போட்டிருக்கிறார்கள்.

ஏன் அந்த நாள்? அதைத்தான் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் வளர்ந்த வீட்டில் நாள் என்றால் நட்சத்திரமும் திதியும்தான். அவை இங்கிலீஷ் தேதியில் நிற்காது. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரத்தையும் ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்தச் சுற்று இங்கிலீஷ் மாதத்தோடு பொருந்தாது. அதனால் அவள் பிறந்த ஐப்பசி ரோகிணி ஒரு வருஷம் அக்டோபரில் வரும், இன்னொரு வருஷம் நவம்பரில் வரும். இந்த மூன்று நாட்களையும் அவள் அப்படித்தான் பொருத்திப் பார்த்தாள். முதல் வருஷம் பௌர்ணமிக்கு மறுநாள். இரண்டாம் வருஷம் அமாவாசைக்குச் சற்று முன். இந்த வருஷம் அஷ்டமி. வானத்தில் மூன்றும் மூன்று மூலையில் இருந்தன. தேதி மட்டும் மூன்றிலும் ஒன்று. வானத்தைப் பார்க்காமல் தேதியிலேயே உட்கார்ந்திருக்கிற நாள் என்றால் அது பிறந்தநாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண நாளாக இருக்க வேண்டும். அவர்கள் கல்யாணம் பிப்ரவரியில். அவனுடைய பிறந்தநாள் ஜூன் ஒன்று. அதுவும் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் தாமாகப் போட்டுக்கொடுத்த தேதி.

அப்படியானால் இது வேறு யாருடைய பிறந்தநாள்?

அன்றைக்கு மாவு வேலை நிறைய இருந்தது. ஜெயப்பிரியா இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு அடுக்குமாடிகளுக்குக் கொடுக்கிறாள். புரட்டாசிதான் மாவுக்குச் சீசன். கறியும் மீனும் நிறுத்திய வீடுகளில் ராத்திரிக்குத் தோசைதான். அதே மாதத்தில்தான் மாவு பேச்சும் கேட்காது. கடல்காற்று நின்று புழுங்குகிற நாளில் சீக்கிரம் பொங்கிவிடும். பாக்கெட்டில் மேலே கொஞ்சம் இடம் விடாவிட்டால் வெடித்து ஃபிரிட்ஜெல்லாம் வழியும். உளுந்து அரைக்கும்போது கல் சூடேறாமல் ஐஸ் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூடேறினால் உளுந்து பந்துபோல் எழும்பாது, கூழாகிப் படுத்துவிடும்.

"இன்னாடி ஜெயா, உப்பு ரெண்டாந்தபா போடற?" என்றாள் சந்திரம்மா. அடுத்த வீட்டுக்காரி. மாலை நேரத்தில் பாக்கெட் போட வருவாள். "கையி இங்க கீது, நீ எங்க கீற?"

ஜெயப்பிரியா சட்டையைக் காட்டினாள். சந்திரம்மா முகர்ந்து பார்த்தாள்.

"சீரக சம்பா. நல்ல கறி. கடைச் சரக்கு இல்ல, வூட்ல பண்ணது."

"வாசனையிலியே சொல்லிட்டியா அக்கா?"

"கடைக்காரன் இவ்ளோ புதினா போட மாட்டான். எவளோ ஒருத்தி மனசு வெச்சு பண்ணியிருக்கா."

"உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா?"

"நான் இன்னா பண்ணட்டும்? வூட்டு சோறு சரியில்லன்னு வெளிய போறவன் உண்டு. உன் சோத்துக்கு நானே தினம் வந்துகினு கீறேன். அப்ப சோத்துக் கொறையில்ல. வேற கொற."

"வருஷத்துல ஒரு நாளு."

"தினம் போறவனக்கூட நம்பலாம்டி. அவனுக்குப் பசி, அவ்ளோதான். வருஷத்துல ஒரு நாளு தேதி தவறாம போறான் பாரு, அவன் மனசுல வெச்சுகினு போறான்."

அந்த வார்த்தை ஜெயப்பிரியாவுக்குள் போய்த் தங்கிவிட்டது. தை பிறந்ததும் அவர்கள் கோவளத்துக்கு வீடு மாறுவதாக இருந்தது. மாமியார் அங்கே தன் வீட்டு மாடியில் ஷீட் போட்டு ஓர் அறை எழுப்பியிருந்தாள். மூன்றாவது கிரைண்டர் வைக்கவும் இடம் இருந்தது. அந்த அறைக்கு எந்த மூலையில் பிளக் பாயிண்ட் வேண்டும் என்பதுவரை ஜெயப்பிரியா யோசித்து வைத்திருந்தாள்.

"அவ யாருன்னு தெரியாம நான் வூடு மாறப் போறதில்ல அக்கா."

"மாறாம எங்க போவ?"

ஜெயப்பிரியா அடுத்த பாக்கெட்டை எடுத்தாள். பிறந்த வீட்டுக் கதவு மூன்று வருஷமாகச் சாத்தியிருந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. அன்பரசு பூசணிக்காய் வாங்கப் போயிருந்தான். ஜெயப்பிரியா வேனுக்குள் ஏறி சீட் சீட்டாகத் துடைத்தாள். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டப்பா கிடந்தது. பாத்திரக் கடையில் வாங்கும்போதே சின்ன மெஷினால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்களே, அப்படி மூடியில் வெட்டியிருந்தது: ஜெ. ஜெனிஃபர், கோவளம். உள்ளே பிரியாணி ஒட்டிக் காய்ந்திருந்தது.

ஜெனிஃபரை அவளுக்குத் தெரியும். மாமியார் வீட்டுக்கு அடுத்த வீடு. அச்சு முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். கணவன் மஸ்கட்டில். அன்பரசுவைவிடச் சற்றே மூத்தவள். ஜெயப்பிரியாவைப் பார்த்தால் தலையை ஆட்டுவாள், அதோடு சரி.

அன்பரசு பூசணிக்காயோடு வந்தான்.

"இது யாருது?"

"அதுவா... ஜெனிஃபர் அக்காளுது. அம்மாவுக்குக் கொழம்பு குட்த்து அனுப்புச்சு."

"உங்கம்மா கோவளத்துல கீறாங்க. அவளும் கோவளத்துல கீறா. நடுவுல ஒரு செவுரு. அந்தக் கொழம்பு உன் வேன்ல ஏறி கேளம்பாக்கம் வந்துட்டுதான் பக்கத்து வூட்டுக்குப் போவணுமா?"

அவன் பூசணிக்காயின் தலையில் குங்குமத்தை அடைத்தான். தேவைக்கு அதிகமாக அடைத்தான். பிறகு நடுரோட்டில் போட்டு உடைத்தான். சிதறியதை ஓரமாகத் தள்ளக்கூட நிற்காமல் சவாரிக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்த நாள் காலை பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்ததும் ஜெயப்பிரியா டப்பாவைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். மழைக்கு முன்னால் கடைசி உப்பை வாரிக் குவித்துக் கீற்று மூடிக்கொண்டிருந்தார்கள். வெயில் வெள்ளைக் குவியல்களில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள். பாலம் தாண்டியதும் எல்லாம் மறந்துவிட்டது.

ஜெனிஃபர் பின்கட்டில் அடுப்புக்கு முன் உட்கார்ந்திருந்தாள். அச்சு முறுக்குக்கு அச்சு முதலில் எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்க்க வேண்டும். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு கழலாது. ஜெனிஃபர் தோய்த்து எண்ணெயில் இறக்கி ஓர் உதறு உதறினாள். முறுக்கு பூவாகக் கழன்று மிதந்தது. ஜெயப்பிரியாவுக்கு அந்த நேரத்திலும் மாவின் பதம்தான் கண்ணில் பட்டது. நல்ல பதம். அதுவும் எரிச்சலாக இருந்தது.

"வா ஜெயா, உக்காரு. உங்க அத்த செங்கல்பட்டு போய்க்கீது."

"அத்தயப் பாக்க வரல." டப்பாவை எடுத்து வைத்தாள். "உங்க டப்பா."

"மறந்துட்டானா ஜெரோமு? எடுத்துகினு போன்னா ஓடுவான். திருப்பிக் குடுன்னா வருஷம் ஆவும்."

"யாரு ஜெரோமு?"

ஜெனிஃபரின் கை எண்ணெய்க்கு மேலேயே நின்றது. சட்டியில் மிதந்தது கருகத் தொடங்கியது. அவள் அதை எடுத்து எறிந்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

"நெசமாவே தெரியாதா உனுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சவரு அன்பரசு."

"அது சர்டிபிகேட்டு பேரு. கோயில்ல ஞானஸ்நானம் குட்தப்போ வெச்ச பேரு ஜெரோம். இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு ரெண்டு பேரு. உங்க அத்தைக்கு சர்டிபிகேட்டுல பொன்னி, கோயில்ல மதலேனாள். எங்கப்பன் ஒருத்தன்தான் புடிவாதக்காரன், எனக்கு ரெண்டு எடத்துலியும் ஒரே பேரு வெச்சுட்டான். அதான் படிப்பும் எட்டோட போச்சு."

ஏன் இரண்டு பேர் என்று அந்தத் தெருவில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவர்களுடைய முன்னோர்கள் துண்டு நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் சாதிச் சான்றிதழில் தொங்கின. கோயில் பேரைக் காகிதத்தில் எழுதினால் கிறிஸ்தவர் என்று ஆகி அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அதனால் ஒரு பேர் காகிதத்துக்கு, ஒரு பேர் மாதா கோயிலுக்கு. வீட்டில் அம்மா 'நைனா' என்பாள், தெருவில் 'தம்பி' என்பார்கள். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்று ஜெயப்பிரியாவுக்குத் தெரியும், ஆனால் ஜெரோம் என்ற பேர் அவள் காதில் விழவே இல்லை.

"சரி, முப்பதாந்தேதி இன்னா?"

"ஜெரோம் திருநாளு. ஜெரோமுன்னு ஒரு புனிதரு. அவரு செத்துப்போன நாளு."

"செத்த நாளா?"

"புனிதருங்களுக்கு செத்த நாளுலதான் விழா. அன்னிக்குத்தான் மோட்சத்துல பொறந்தாங்கன்னு கணக்கு."

"எங்கூர்ல அதுக்குத் தெவசம்னு பேரு. பிரியாணி போட மாட்டோம்."

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயப்பிரியா சிரிக்கவில்லை.

"கேளு ஜெயா. உன் பேரு எந்தப் புனிதரோட பேரோ, அவரு நாளு உனக்கும் விழா. பொறந்த நாளு சொன்னாத்தான் மத்தவனுக்குத் தெரியும். இது சொல்லவே வாணாம். பேரு தெரிஞ்சா போதும், நாளு காலண்டர்ல கீது. வழில போறவன்கூட கை குட்த்து வாழ்த்து சொல்லிட்டுப் போவான்."

"வழில போறவனுக்குத் தெரியுது."

ஜெனிஃபருக்கு அந்தக் குரல் புரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"நான் பிரியாணி போட்டதப் பத்தி நீ இன்னா நெனச்சினு வந்தன்னு தெரியுது. மூஞ்சியிலியே எழுதி ஒட்டிகினு கீற. எங்கம்மாதான் அவனுக்கு ஞானத்தாய். தண்ணி ஊத்தறப்போ கையில ஏந்திகினு நின்னவங்க. எங்க வழக்கத்துல திருநாளுக்கு ஞானத்தாய் வூட்லதான் பிள்ளைக்குச் சோறு. அம்மா கண்ண மூடறதுக்கு முன்ன என்னண்ட சொல்லிச்சு, அவனுக்குச் சோறு போடறத வுட்றாதடின்னு. அதான் போடறேன். அவன் எனக்குத் தம்பி மொற. கோயில் கணக்குல கூடப்பொறந்த மாதிரி."

"அப்ப என்னிய ஏன் கூப்புடல?"

"மொத வருஷமே கூப்புடுன்னேன். அவன்தான் வாணாம்னான். பொரட்டாசி, அவ மனசு கஷ்டப்படும்னான். சரி, பிரியாணி வாணாம், வேற பண்றேன்னு சொல்லியிருக்கணும் நானு. சொல்லல." ஜெனிஃபர் ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தாள். "ஏன்னு கேளு."

"ஏன்?"

"சின்ன வயசுலேந்து எனக்கு அவன் மேல பொறாம. ஜெனிஃபருக்கு எந்தத் திருநாளுன்னு ஃபாதரண்ட கேட்டோம். ஜெனிவீவ்னு ஒரு புனிதை, அதான் உனக்குன்னு சொன்னாரு. எப்ப தெரியுமா? சனவரி மூணு. கிறிஸ்மஸ் முடிஞ்சி, நியூ இயர் முடிஞ்சி, எல்லாரும் துன்னு துன்னு வயிறு நொந்து கீறானுங்க. எங்கம்மா அன்னிக்கு ரசம் வெக்கும். ரசம்! அவனுக்கு மட்டும் செப்டம்பர்ல, கறி வெலை எறங்கனப்போ, அண்டால பிரியாணி. நான் கேப்பேன், பெத்த பொண்ணுக்கு ரசம், தூக்கின பிள்ளைக்குக் கறியான்னு. இப்ப அந்தப் பிரியாணிய நானே ஆக்கிப் போடறேன். அது என் கையில கீது. அத இன்னொருத்திக்காக ஏன் மாத்தணும்னு நெனச்சேன். போதுமா?"

ஜெயப்பிரியாவுக்கு அந்தப் பதில் பிடித்தது. அது பொய்யாக இருக்க வழியில்லை. ஆனாலும் ஜெனிஃபர் நீட்டிய முறுக்கை வாங்காமல் எழுந்தாள்.

"விழாவத் தேதி மாத்த முடியாதா உங்கள்ல?"

"பேரு நாள யாரும் மாத்த மாட்டாங்க. ஆனா கோயில்லியே சில சமயம் தள்ளி வெப்பாங்க. மார்ச் இருபத்தஞ்சு, தேவதூதன் மாதாவுக்கு சேதி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளு. போன வருஷம் அது பெரிய வாரத்துல வந்து மாட்டிகிச்சு. துக்க வாரத்துல விழா கூடாது. ஈஸ்டர் தாண்டித் தள்ளி வெச்சாங்க."

திரும்பும் ஆட்டோவில் ஜெயப்பிரியா ஒன்றைக் கவனித்தாள். பொறாமை போய்விடும் என்று எதிர்பார்த்திருந்தாள். போகவில்லை, இடம் மாறியிருந்தது. வரும்போது ஜெனிஃபர் மேல் இருந்தது. இப்போது அந்தத் தெரு முழுவதின் மேலும் இருந்தது. வலை தைக்கிறவன், டீக்கடைக்காரன், அந்த ஒரு நாளில் ஜெரோம் என்று கூப்பிட்டுக் கை கொடுக்கிற ஒவ்வொருவன் மேலும். அவள் வீட்டை விட்டு வந்தது அன்பரசுவுக்காக. ஜெரோமை அவர்கள் எல்லோருக்கும் அவளுக்கு முன்னாலேயே தெரியும்.

உப்பளத்தருகே ஆட்டோ நின்றபோது இன்னொன்றும் உறைத்தது. அர்ச்சனை.

மாதாமாதம் கிருத்திகை அன்று அவள் திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போவாள். வேன் ஓட்டுகிறவனுக்காக வேண்டிக்கொள்ளத்தான். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார். அன்பரசு எந்த நட்சத்திரத்தில் பிறந்தான் என்று மாமியாருக்கே தெரியாது. "நடவு சமயம், மழ பேஞ்சிகினு இருந்துச்சு" என்பாள். பிறந்த நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு நட்சத்திரத்துக்கு நாலு பாதம், இருபத்தேழுக்கும் சேர்த்து நூற்றெட்டுப் பாதம். ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. பேரின் முதல் எழுத்து எந்தப் பாதத்தில் விழுகிறதோ, அதுதான் பேர் நட்சத்திரம். அன்பரசு என்றால் அ. அ என்றால் கார்த்திகை. அது முருகனுக்கே உரிய நட்சத்திரம். முதல் நாள் குருக்கள் அதைச் சொன்னபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜெரோம் என்றால் ஜெ. ஜெ விழுவது திருவோணத்தில். மூன்று வருஷமாக அவள் வரிசையில் நின்று செய்த அர்ச்சனையெல்லாம் காகிதத்துப் பேருக்குப் போயிருக்கிறது.

சாயங்காலம் அன்பரசு வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சத்தமில்லாமல் அரிசிக் கூடையைத் தூக்கிக் கொடுத்தான். அந்த வேலையைச் சொல்லாமலே செய்கிறவன் அவன்.

"அங்க வெய்யி ஜெரோம்" என்றாள்.

அவன் சுவிட்சை அணைத்தான். கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"யாரு சொன்னா?"

"வழில போறவன் சொன்னான்."

"ஜெயா..."

"இல்ல, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. கட்டிக்கினவளுக்குச் சொல்லக்கூடாதா அந்தப் பேரு? நான் இன்னா, சர்டிபிகேட்டு செக் பண்ற ஆபீசரா?"

அன்பரசு தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"உங்கப்பாவ மொத தபா பாத்தப்போ பேரு கேட்டாரு. அன்பரசுன்னேன். நல்ல பேருப்பான்னாரு. அப்பால ஊரு கேட்டாரு, தெரு கேட்டாரு, மூஞ்சி மாறிச்சு. எழுந்து போய்ட்டாரு. அந்த மனுசன் என்னப் பத்தி நல்லதா சொன்னது அது ஒண்ணுதான். நீ அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடறப்போல்லாம் அது ஞாபகம் வரும். அதுக்கு மேல இன்னொரு பேரக் கொண்டாந்து வெக்க எனக்கு மனசு வரல."

அவள் கொஞ்ச நேரம் உளுந்தை வழித்தாள். அப்பாவைப் பற்றி இந்த வீட்டில் பேசி வெகுநாளாகியிருந்தது. கோபத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

"என் அர்ச்சனையெல்லாம் வீணாப் போச்சு. கார்த்திகை கார்த்திகைன்னு சொல்லிகினு கீறேன். நீ திருவோணம்."

"வீணா எங்க போச்சு? மூணு வருஷத்துல வண்டில ஒரு கீறல் இல்லியே."

"காமெடி பண்ணாத. இனிமே இன்னா பேரு சொல்றது நானு?"

"முருகனுக்கு எத்தினி பேரு? கந்தன், ஆறுமுகம், வேலன், கடம்பன். அவருக்குத் தெரியாதா ரெண்டு பேரு வெச்சுகினு கஷ்டப்படறவன? சாமி பேருக்கே அர்ச்சனை பண்ணிடுங்கன்னு சொல்லிடு. நட்சத்திரம் தெரியாதவங்க எல்லாம் அப்டித்தான சொல்றாங்க?"

அது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"உனக்கு பேரு நாளு ஒண்ணு, வாத்தியாரு போட்ட பொறந்த நாளு ஒண்ணு. தெருவே வாழ்த்து சொல்லுது. எனக்கு இன்னிக்கு யாரு கீறா? ஐப்பசி ரோகிணின்னா எங்கம்மா விடியறதுக்குள்ள எண்ண தேய்ச்சு வுடும், பாயசம் வெக்கும். கல்யாணம் ஆனப்பறம் ரெண்டு தபா அது வந்துச்சு, போச்சு. உனக்குத் தெரியுமா எப்ப வந்துச்சுன்னு?"

"அது ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே ஜெயா. நான் எப்டிப் புடிக்கிறது?"

"நீ வேன்தான ஓட்ற? கம்பெனிக்காரன் தினம் ஒரு ரூட்டு மாத்தறான். எப்டிப் புடிக்கிற?"

"மெசேஜ் அனுப்புவான்."

"செவுத்துல காலண்டர் தினம் அனுப்புது. நீ கிழிக்கறதோட சரி."

அன்பரசு எழுந்து போய்க் காலண்டரைத் தூக்கிப் பின்தாள்களைப் புரட்டினான். நட்சத்திரம் எந்த மூலையில் போட்டிருக்கும் என்று தெரியாமல் தேடினான். அவள் சொல்லித்தரவில்லை. ஐப்பசித் தாள்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து, நவம்பர் முதல் வாரத்து வெள்ளிக்கிழமையில் நின்றான். அந்தத் தாளின் முனையை மடித்தான். சவாரியை யாரிடம் மாற்றுவது என்று முணுமுணுத்துக்கொண்டான்.

ஜெயப்பிரியா கையைக் கழுவிக்கொண்டு ஜெனிஃபருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், அவனும் கேட்கட்டும் என்று.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். உங்கம்மா கடைசியா இன்னா சொன்னாங்க? சோறு போடுன்னா, பிரியாணி போடுன்னா?"

புருஷனுடைய அக்கா என்ற முறையில் அவள் அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சோறு போடுன்னுதான் சொல்லிச்சு."

"அப்ப பொரட்டாசில சாம்பார் சோறு போடுங்க. நானும் வரேன்."

"ஜெரோமுக்கு சாம்பார் சோறா?" ஜெனிஃபரின் குரலில் ஒரு பழைய சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "அந்தப் பையன் மூஞ்சிய நான் பாக்கணுமே."

"பிரியாணிய வுடல அண்ணி. தள்ளி வெப்போம். மங்கள வார்த்தையவே தள்ளி வெச்சாங்கன்னு சொன்னீங்களே. ஐப்பசி பொறந்தப்பறம் பண்ணுங்க, நானும் துன்னுவேன்."

"கறி நான்தான் ஆக்குவேன். அதுல நீ கை வெக்கக்கூடாது."

"வெக்கல. மாவு மட்டும்தான் என் வேல. சனவரி மூணாந்தேதி உங்க வூட்டுக்கு இட்லியும் வடகறியும் கொண்டாறேன். அன்னிக்கு நீங்க அடுப்பு பத்த வெக்கக்கூடாது."

பிறகு, "ரசம் கொண்டாந்தன்னா உள்ள வுட மாட்டேன்" என்று சொல்லி ஜெனிஃபர் போனை வைத்தாள்.

அன்பரசு வாயைத் திறந்தான். "உன்னண்ட யாரும் கேக்கல" என்று ஜெயப்பிரியா கிரைண்டரைப் போட்டாள்.

இப்படித்தான் முடிவாயிற்று. தை பிறந்ததும் கிரைண்டர்கள் கோவளத்து மாடிக்குப் போகும். அடுத்த வருஷத்திலிருந்து செப்டம்பர் முப்பதாம் தேதி விடிந்ததும், தெருவில் யாரும் கை கொடுப்பதற்கு முன்னால், ஜெரோம் என்று பேர் சொல்லி முதல் வாழ்த்தை ஜெயப்பிரியா சொல்வாள். அன்று மதியம் ஜெனிஃபர் வீட்டில் சாம்பார் சோறு, மூன்று இலை. பிரியாணி ஐப்பசி பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை.